சைக்கிள் வேண்டாம் என்று சொன்ன டாக்டர் எழுதுவது

அன்புள்ள அக்கா,

போன வாரம் செக்கப்புக்கு வந்தபோது எடை மெஷினில் நின்றுகொண்டு நீங்கள் சொன்ன ஒரு வரிதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். 6 மாதத்தில் 5 கிலோ கூடியிருக்கே, என்னக்கா இது என்று கேட்டேன். "நீங்கதானே டாக்டர் சைக்கிள் வேண்டாம்னு சொன்னீங்க" என்றீர்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பெயரும் ஊரும் போடாமல் பொதுவில் எழுதட்டுமா என்று உங்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தத் தப்பை நான் உங்கள் ஒருவரிடம் மட்டும் செய்திருக்க வாய்ப்பில்லை.

முதலில், 6 மாதம் முன்பு உங்களுக்கு வந்த அந்த மாரடைப்பு. உங்களுக்கு நெஞ்சு வலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மேல் முதுகில் வலி, தாடையைப் பிடித்து இழுக்கிற மாதிரி ஒன்று, குமட்டல், சேலை நனைகிற அளவுக்கு வியர்வை. முதலில் போன இடத்தில் கேஸ் என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். பெண்களுக்கும் மாரடைப்பில் நெஞ்சு வலி வருவதுதான் அதிகம் என்றாலும், இந்த மாதிரி முதுகிலும் தாடையிலும் வயிற்றிலும் காட்டுவது ஆண்களைவிட அவர்களுக்குக் கூடுதல், அதனாலேயே நேரம் போய்விடுகிறது. ஒரு ஈசிஜி எடுக்க 5 நிமிடம் போதும். மறுநாள் நீங்கள் திருச்சிக்கு வந்து, இதயத்தின் வலது ரத்தக்குழாய் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்து, எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் 48 சதவீதமாகக் குறைந்திருப்பதைப் பார்த்தபோது, அந்த ஊசி போட்டவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு ஆண் இதே வியர்வையோடு போயிருந்தால் ஈசிஜி எடுத்திருப்பார்கள் என்று நர்ஸிடம் பொரிந்து தள்ளினேன்.

அப்புறம் டிஸ்சார்ஜ் அன்று நான் என்ன செய்தேன்? "சைக்கிள் ஓட்டலாமா டாக்டர்?" என்று கேட்டீர்கள். நான் ஃபைலில் எழுதிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "இந்த வயசுல சைக்கிள் எதுக்குக்கா, பையன் பைக்ல கொண்டு விடட்டும்" என்றேன். அதே வாரம், கிட்டத்தட்ட உங்கள் வயது, அதே குழாயில் அடைப்பு, வங்கியில் வேலை பார்ப்பவர் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டார். அவரோடு 20 நிமிடம் பேசினேன். எந்த கியர், எவ்வளவு தூரம், கல்லணை ரோட்டில் எத்தனை மணிக்குப் போனால் லாரித் தொல்லை இருக்காது என்பது வரைக்கும். அவர் ஓட்டுவது எனக்குச் 'சைக்கிளிங்'. நீங்கள் ஓட்டுவது வேறு வழியில்லாமல் ஓட்டுவது, அப்படித்தான் மண்டைக்குள் இருந்திருக்கிறது.

நானே 41 வயதில்தான் சைக்கிளுக்கு வந்தேன். தொப்பை, பிரஷர், நோயாளிகளுக்குச் சொல்வதை நாமே செய்யவில்லையே என்ற கூச்சம் எல்லாம் சேர்ந்து விலை அதிகமான ஒரு சைக்கிளை வாங்கவைத்தது. ஞாயிறு காலை காவிரிக் கரையோரமாகப் போகிறேன், கையில் நாடித்துடிப்பு காட்டும் வாட்ச், இறுக்கிப் பிடிக்கிற டிரவுசர் (டீக்கடை மாஸ்டர் இன்னும் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்). வழியில் புல்லுக்கட்டோடும் தூக்குவாளியோடும் எதிரே சைக்கிளில் வருகிற அம்மாக்களை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். அவர்களையும் சைக்கிள் ஓட்டுகிறவர்களாக எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

உங்கள் கதையையும் போன வாரம்தான் முழுசாகக் கேட்டேன். புதுக்கோட்டையில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்தபோது உங்களுக்கு 23 வயது. எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முனைப்பாக நின்ற காலம் அது. 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் மணியடித்துக்கொண்டு போன ஊர்வலத்தில் நீங்களும் இருந்தீர்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறக் கற்றது, பாரில் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு போனது, தெருவில் கேலி செய்தவர்கள் பிறகு பஞ்சர் ஒட்டித் தந்தது எல்லாம் சொன்னீர்கள். இப்போது ஓட்டுவது உங்கள் மகளுக்கு ப்ளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள். நீங்கள் வேலை பார்க்கும் அங்கன்வாடிக்குப் போக 4 கிலோமீட்டர், வர 4. அதை நிறுத்திவிட்டு மினி பஸ்ஸுக்கும் பையனின் மனநிலைக்கும் காத்துக்கிடந்த 6 மாதத்தில் சர்க்கரையும் ஏறிவிட்டது.

எங்கள் துறையில் ஒரு பழைய ஆய்வைப் பாடமாகச் சொல்வார்கள். லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்பவர், மாடி பஸ்ஸில் நாள் முழுக்கப் படியேறி இறங்கும் கண்டக்டர்களுக்கு, உட்கார்ந்தே இருக்கும் டிரைவர்களைவிட மாரடைப்பு குறைவு என்று 1953இல் காட்டினார். நடந்தும் சைக்கிளிலும் தபால் கொடுத்த தபால்காரர்களையும், உட்கார்ந்து வேலை பார்த்தவர்களையும் ஒப்பிட்டபோதும் அதேதான். எல்லாரும் ஆண்கள். 1955இல் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது பாஸ்டனிலிருந்து போய்ப் பார்த்த இதய டாக்டர் பால் டட்லி வைட் தானே ஒரு சைக்கிள் பைத்தியம், பாஸ்டன் ஆற்றங்கரையில் அவர் பெயரில் சைக்கிள் பாதை உண்டு. மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையில் போட்டுவைப்பது வழக்கமாயிருந்த காலத்தில் உடம்பை அசைக்கச் சொன்ன மனிதர். ஐசன்ஹோவர் மறு வருடமே தேர்தலில் நின்று ஜெயித்தார். அதிபர் நாட்டை ஆளத் திரும்பிப் போகலாம், அங்கன்வாடி அக்கா 4 கிலோமீட்டர் போகக் கூடாதா? இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் "வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறேன். ஓபியில் வெளியே 60 பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒரு நொடியில் சொல்லி முடிக்கக்கூடிய மருந்து அது. இன்னொரு கூத்து, சைக்கிளைத் தடுத்தவன் தண்ணீர்க் குடத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதை இந்த 6 மாதமும் தூக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள்.

சரி, இனி. போன வாரம் செக்கப் அன்றைக்கே உங்களை டிரெட்மில் டெஸ்ட்டில் ஏற்றினேன் அல்லவா, அதில் இரண்டாவது கட்டத்தை வலியில்லாமல், ஈசிஜியில் மாற்றமில்லாமல் முடித்தீர்கள். அது சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல சுமார் 7 மடங்கு உழைப்பு. சமதரையில் நிதானமாகச் சைக்கிள் மிதிக்க 4 முதல் 6 மடங்கு போதும். முதல் இரண்டு வாரம் காலையில் 10 நிமிடம், அப்புறம் வாரத்துக்கு 5 நிமிடமாகக் கூட்டுங்கள். நாடி பார்க்க வேண்டாம், நீங்கள் சாப்பிடும் மெட்டோப்ரோலால் மாத்திரை அதை ஏறவிடாது, கணக்குத் தப்பும். பேச முடிகிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரம்மா கேட்டால் முழு வாக்கியத்தில் பதில் சொல்ல முடிந்தால் சரியான வேகம், மூச்சு வாங்கி வார்த்தை வார்த்தையாக வந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். கண்மாய்க் கரை மேட்டில் இறங்கித் தள்ளுங்கள், எதிர்காற்றும் மேடுதான். முதுகிலோ தாடையிலோ அந்தப் பழைய வலி தலைகாட்டினால் உடனே நிறுத்தி உட்கார்ந்து, நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரை. 5 நிமிடத்தில் விடவில்லை என்றால் 108. "கேஸா இருக்கும்" என்று நீங்களே சொல்லிக்கொள்ளக் கூடாது.

முழங்கால் வலி என்றீர்களே, சீட் ரொம்பத் தாழ்வாக இருக்கும் என்று நினைக்கிறேன். பெடல் அடியில் இருக்கும்போது கால் லேசாக மடங்கியிருக்கிற அளவுக்கு உயர்த்தச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை சாப்பிடுகிறீர்கள், விழுந்தால் தலைக்குள் ரத்தம் கசியும் பயம் உண்டு, அதனால் ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும். 1992இல் கேட்ட கேலியைவிட இதற்கு அதிகமாகக் கேலி வரும் என்பது தெரியும். அடுத்த மாதம் ஒரு ஞாயிறு நான் உங்கள் ஊர்ப் பக்கம் சைக்கிளில் வருகிறேன், ஹெல்மெட் ஒன்று வாங்கிக்கொண்டு வருகிறேன். என் டிரவுசரைப் பார்த்தால் ஊரே உங்கள் ஹெல்மெட்டை மறந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் டாக்டர்