தனியாக நிறுத்திவிடாதே

சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பிக்கு,

தீபாவளியன்று நீ தேநீர்க் குவளையை இரு கைகளாலும் பிடித்துக் குடித்தாய். கேட்டதற்குக் குளிர் என்றாய். சுங்கை சிப்புட் என்றைக்குத் தம்பி அப்படிக் குளிர்ந்தது? நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

இப்போது, தைப்பூசத்திற்குக் கல்லுமலையில் காவடி எடுக்க வேண்டிக்கொண்டு, விரதம் தொடங்கும் நாளில் குடியை ஒரேயடியாக நிறுத்தப் போவதாக மருமகள் சொல்கிறாள். எண்ணியதை முடிக்கும் உன் உறுதி எனக்கு எப்போதும் பெருமைதான். ஆனால் தனியாக நிறுத்திவிடாதே. முதலில் மருத்துவரைப் பார்.

பாடம் நடத்துகிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது மிகுதியாக்குகிறது, கிளர்ச்சியூட்டும் குளுட்டமேட்டை அடக்குகிறது. நாள்தோறும் குடிக்கும்போது மூளை அதற்கு ஈடுகொடுக்க, காபாவுக்கு இணங்குவதைக் குறைத்துக்கொண்டு, குளுட்டமேட்டுக்குக் கூடுதலாக இணங்கப் பழகிவிடுகிறது. செம்பனைக் குலை வண்டியை இழுக்கும் எருமையை நினைத்துப் பார்: மேட்டில் மூச்சைப் பிடித்து இழுக்கையில் பாரத்தைச் சட்டென்று அவிழ்த்துவிட்டால் அது முகங்குப்புற விழும். கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை, பதற்றம் எல்லாம் அந்த விழுகைதான். முதல் 2 நாள்களுக்குள் வலிப்பு வரலாம், அதையடுத்துச் சித்தம் கலங்கலாம். உறுதி படைத்தவனையும் அது விடாது.

மனச்சோர்வால்தான் குடிப்பதாகச் சொல்கிறாய். மகிழ்ச்சியை உணரவைக்கும் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளைக் குடியால் தூண்டித் தூண்டி அந்த வழியே மந்தமாகிவிட்டதால்தான், பேத்தி ஓடிவந்து கட்டிக்கொண்டபோதும் உன் முகம் மலரவில்லை என்று நினைக்கிறேன். குழந்தை என்ன பாவம் செய்தாள்? குடியை விட்ட 2 முதல் 4 வாரங்களில் பலருக்கு அந்தச் சோர்வு தணிகிறது. தணியாவிட்டால் அதற்குத் தனியே மருத்துவம் உண்டு.

உன் அப்பா மாரடைப்பால் இறக்கவில்லை. உன்னைப் பாட்டியிடம் அனுப்பிவிட்டு, குடியை மறக்கட்டும் என்று நான்தான் அவரை லயத்து வீட்டில் வைத்துப் பூட்டினேன். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. மூன்றாம் இரவு, சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று அவர் கதறியபோது, முனி பிடித்துவிட்டது என்று பூசாரிக்கு ஆள் அனுப்பினேனே தவிர, மருத்துவமனைக்கு வண்டி தேடவில்லை. ஆசிரியை வீட்டில் குடிகாரர் என்று ஊர் பேசுமே என்ற வெட்கம். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கிளினிக்கில் எத்தனை ஆண்டுகளாக, ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்தும் வைட்டமின் பி1-உம் தருவார்கள். தேவையென்றால் மருத்துவமனையில் சேர்ப்பார்கள். அதுவரை சட்டென்று நிறுத்திவிடாதே. விரதம் தள்ளிப்போனால் முருகன் பொறுத்துக்கொள்வான்.

புதன்கிழமை முதல் பேருந்தில் வருகிறேன். மருத்துவரின் அறைக்குள் நானும் வருவதா, வெளியில் உட்கார்ந்திருப்பதா என்பதை நீயே சொல்.

அம்மா