நோட்டில் எழுதிய 212

அன்பு மகளுக்கு,

நம் பூனை கரிச்சான் நலமாக இருக்கிறான். இன்று காலை ஊசிக்கு முன் ரத்தச் சர்க்கரை 264 இருந்தது. கிண்ணத்தைக் காலி செய்தபின் வழக்கம்போல் 1 யூனிட் இன்சுலின் போட்டேன். ஒன்பது நாட்களாக "எவ்வளவு?" என்ற ஒற்றைச் சொல்கூட உன்னிடமிருந்து வரவில்லை, வேலை மிகுதியாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கேட்காமலே எழுதுகிறேன்.

காதில் ரத்தம் எடுக்க என் கை பழகிவிட்டது. அவனுடைய கறுப்புக் காதில் ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்று முதல் வாரம் முழுவதும் தேடித் திணறினேன். பிறகு நீ சொன்னபடி காதுக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்தேன், விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய சிவப்புக் கோடு தெரிந்தது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் காதைச் சற்று நேரம் ஒற்றி, ஈரம் போகத் துடைத்து, வாசலீனைக் கண்ணுக்குத் தெரியாத அளவு தடவிவிட்டுக் குத்தினால், ரத்தம் முடிக்குள் பரவாமல் கடுகு போல உருண்டு நிற்கிறது. ஸ்ட்ரிப்பின் நுனியைக் கொண்டுபோனால் அதுவே உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு பஞ்சால் சிறிது நேரம் அழுத்திப் பிடிப்பேன். முன்பெல்லாம் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்தவன், இப்போது ஏழு மணிக்குத் தானாகவே வந்து துண்டின்மீது உட்கார்ந்துகொள்கிறான். இத்தனையையும் தொலைவில் இருந்துகொண்டே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய் என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அத்தனை வீடியோ அழைப்புகளிலும் நீ பார்த்தது பூனையின் காதை மட்டுமே என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வீட்டில் பார்ப்பதே சரி என்று நீ பிடிவாதம் பிடித்ததன் பொருள் இப்போதுதான் விளங்குகிறது. மருத்துவமனையில் 410 காட்டிய அதே நாள் மாலை, வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்தவனுக்கு 270தான் இருந்தது. பயந்த பூனைக்குப் பயத்தினாலேயே சர்க்கரை ஏறும் என்றால், அங்கே எடுக்கும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மருந்தை எப்படி ஏற்றுவது? அப்பா சர்க்கரை பார்க்கும் மீட்டரைத் தொடக்கூடாது என்று நீ சொன்னாய். ஒருநாள் ஆசைக்கு ஒரே சொட்டை இரண்டிலும் வைத்துப் பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதே. பூனைக்கான மீட்டரில் 251, அப்பாவுடையதில் 198. சர்க்கரை ரத்த அணுக்களிலும் நீர்மத்திலும் பிரிந்திருக்கும் அளவு மனிதருக்கு ஒருவிதமாகவும் பூனைக்கு வேறுவிதமாகவும் இருப்பதால், மனிதருடைய மீட்டர் பெரும்பாலும் குறைத்தே காட்டும் என்று நீ சொன்னது சரிதான். அதை அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

என்றைக்காவது நீ அவனை உன்னோடு அழைத்துக்கொண்டால் இதை மறந்துவிடாதே: ஊசி போட்ட அந்த நொடியிலேயே நோட்டில் எழுதிவிடு. ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட் இருக்கும் யூ-100 மருந்துக்கு, 40 யூனிட் மருந்துக்கான யூ-40 சிரிஞ்சை எடுத்துவிடாதே, அளவு இரண்டரை மடங்காகிவிடும். அதைவிட முக்கியம், போட்டதும் எழுதிவிடு. அவன் சாப்பிடாமல் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஊசியைத் தொடாதே. தொலைபேசி மணி அடித்தாலும் எழுதிவிட்டுப் போய் எடு.

12ஆம் தேதி இரவு நான் எழுதிவிட்டுப் போகவில்லை. ஊசி போட்ட கையோடு உன் அழைப்பு வந்தது. அன்று நாம் பேசியதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. பேசி முடித்துத் திரும்பியபோது நோட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. இன்னும் போடவில்லை என்றே நினைத்து மறுபடியும் 1 யூனிட் போட்டுவிட்டேன். பத்தரை மணிக்கு அவன் பின்னங்கால்கள் பின்ன, குடித்தவனைப் போல நடந்து வந்து சுவரில் மோதினான். பயன்படுத்திய ஊசிகளைப் போடும் டப்பாவைத் திறந்து பார்த்தேன்; மேலே அன்றிரவு போட்ட சிரிஞ்சுகள் இரண்டு கிடந்தன. மீட்டரில் 48.

இரவுப் பணியில் இருந்த வேறொரு மருத்துவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, தேனை விரலில் எடுத்து அவனுடைய ஈறில் தடவினேன். கால் மணி நேரத்தில் 61. பிறகு சிறிது சாப்பிட்டான், 83 ஆயிற்று. இன்சுலினின் வேலை இன்னும் முடிந்திருக்காது, மறுபடியும் இறங்கலாம் என்று அவர் எச்சரித்ததால், விடியும்வரை மணிக்கொருமுறை குத்திக்கொண்டே இருந்தேன். ஒருமுறைகூட அவன் காதை இழுத்துக்கொள்ளவில்லை.

காலையில் 387. அவர் சொன்னபடி அந்த வேளை ஊசியைப் போடவில்லை. ஆனால் நோட்டில் முந்தைய இரவுக்கு 212 என்றும், காலை ஊசிக்கு 1 என்றும் எழுதி, படமெடுத்து உனக்கு அனுப்பினேன். "ஏன் இவ்வளவு ஏற்றம்?" என்று கேட்டாய். அதற்கு நான் இதுவரை பதில் சொல்லவில்லை. ஒன்பது நாட்களாக நீ மௌனமாக இருப்பதாக மேலே குறைப்பட்டுக்கொண்டேன். கடைசியாகக் கேட்டவள் நீதான்.

அப்பாவின் நோட்டில் இருந்த எண்களை நாம் இருவரும் அறிவோம். அதற்காக அவரிடம் எத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறேன்!

நம் மருத்துவர் அடுத்த வாரம் நோட்டைப் பார்ப்பார். முழு அளவு மருந்து போட்டும் 387 என்று நம்பினால் அளவை ஏற்றிவிடுவார் என்பது நேற்றிரவுதான் எனக்கு உறைத்தது. 212ஐ அடித்துவிட்டு அருகில் 48 என்றும், அந்த இரவுக்கு 2 யூனிட், மறுநாள் காலைக்கு 0 என்றும் சிவப்பு மையில் எழுதிவிட்டேன். அவரிடமும் நானே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு முதல் மாலை ஏழு வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மொத்தம் ஏழு தடவை பார்க்கச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு வரை இறங்குகிறது என்பதுதான் அவருக்கு முக்கியமாம். ஏழையும் அவ்வப்போதே உனக்கு அனுப்புகிறேன். அன்று உனக்கு விடுமுறையாக இருந்தால், ஒரு தடவையாவது அழைத்துப் பார். கேமராவை அவன் காதுக்கு நேராகத்தான் வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
அம்மா

பின்குறிப்பு: இதை முடிப்பதற்குள் ஏழு மணி ஆகிவிட்டது. 231. சாப்பிட்டான். 1 யூனிட். எழுதிவிட்டேன்.