அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழாவிலும் ஓவியப் போட்டியிலும் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். அனைவருக்கும் வாழ்த்துகள்.

மழை விடுமுறையில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மாலை 7 மணிக்கு நடத்திய ஆன்லைன் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். திருப்புதலுக்காக ஜனவரியிலும் அது தொடரும். ஆனால் பாதியிலேயே பலர் காணாமல் போகிறார்கள். கேட்டால் "நெட் இல்ல சார்" என்கிறார்கள்.

ஒரு நாள் கணக்கு வகுப்பில் ஒரு மாணவி விடை சொன்னாள். குரல் விட்டு விட்டு வந்தது, பின்னால் மழைச் சத்தம். வீட்டுக்குள் சிக்னல் இல்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். விசாரித்தால், ரவுட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. அதை வெளியே எடுத்து உயரமாக வைத்த பிறகு உள்ளேயே உட்கார்ந்து படிக்கிறாள்.

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் பல வீடுகள் ரயில் பெட்டி மாதிரி நீளம். வைஃபை அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் அதில்தான் நெருக்கும். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே பிள்ளையை உட்கார வைத்து 5-இல் இணைப்பது நல்லது. லேப்டாப் என்றால் ரவுட்டரிலிருந்து நேராக லேன் வயர் போடுங்கள், அதற்கு ஈடே இல்லை. ஃபைபர் இணைப்புப் பெட்டியில் எல்ஓஎஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் பெரும்பாலும் ஃபைபர் கேபிளில்தான் கோளாறு. உடனே புகார் கொடுத்துவிடுங்கள்.

டிவியில் படம் நன்றாக ஓடுகிறதே என்று சிலர் கேட்டீர்கள். படம் சில நொடி முன்கூட்டியே இறங்கி இருப்பதால் நெட் தடுமாறினாலும் தெரியாது. வகுப்பில் பேச்சு அந்த நொடியே போய் வர வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்து அறையில் ஒரு 4கே படம் ஓடினால் அதுவே உங்கள் நெட் வேகத்தில் 15 எம்பிபிஎஸ் வரை இழுத்துவிடும்.

அதனால் கண்டிப்பாகவே சொல்கிறேன்: 7 முதல் 8 வரை வீட்டில் டிவியில் படம், யூடியூப், டவுன்லோடு எதுவும் வேண்டாம். நெட் இருந்தும் கேமராவை அணைத்துவிட்டு கேம் ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். இனி காரணம் சொல்லாமல் இரண்டு முறை பாதியில் போனால் பெற்றோரை நேரில் வரச் சொல்வேன்.

நெட் வசதியே இல்லாத வீடுகளுக்கு இது பொருந்தாது. தயங்காமல் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். வகுப்பைப் பதிவு செய்து மறுநாள் பள்ளிக் கணினி அறையில் போட்டுக் காட்டுகிறோம்.

துறைமுகத்தில் ஷிஃப்ட் முடித்து அலுத்து வந்தும், பிள்ளைக்காகத் தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்து ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருந்த அப்பாக்களைத் திரையில் பார்த்தேன். உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்