மைக்கில் பெயர் வாசிக்க வேண்டாம், அண்ணாச்சி

தாராவியில் நம் ஊர்ச் சங்கத்துப் பெரியவர்களுக்கு,

வணக்கம். குடித்துவிட்டுத் தெருவில் சண்டை போடுகிறவர்களின் பெயர்களைக் கொடைவிழா மைக்கில் வாசிக்கப் போவதாக முடிவெடுத்திருக்கிறீர்கள். உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அதே மைக்கில் என் பெயரும் வந்தது. அன்று ராத்திரி வழக்கத்தைவிட ஒரு குவார்ட்டர் கூடக் குடித்தேன்.

என்னை நிறுத்த வைத்தது வேறு. எட்டாம் வகுப்பு படித்த என் மகள் ஒரு நாள் காலையில் ரேங்க் கார்டை நீட்டினாள். காலையில் கொஞ்சம் ஊற்றாதவரை எனக்குக் கை நடுங்கும். பேனா கட்டத்தைத் தாண்டி ஓடியது. அவள் கோபப்படவில்லை. "விடுங்கப்பா, எப்பவும் நான்தானே போடுறேன்" என்று பேனாவை வாங்கி, என் கையெழுத்தை அழகாகப் போட்டாள். அடியும் ஏச்சும் பழகிப்போன எனக்கு அது தாங்கவில்லை.

ஆளுக்கு ஆள் இது மாறும். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு, ஈரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னது. இன்னொருவருக்கு, தோல் பட்டறை முதலாளி மறுபடி நம்பிச் சாவியைக் கொடுத்தது. மைக்கில் பெயர் கேட்டுத் திருந்தினேன் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

மனசு வந்தால் மட்டும் போதாது. நான் வீறாப்பாக ஒரேயடியாக நிறுத்தி, இரண்டாம் நாள் வலிப்பு வந்து விழுந்தேன். வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிரே போகலாம். டாக்டர் பார்வையில் மருந்தோடுதான் நிறுத்த வேண்டும். சயான் ஆஸ்பத்திரி நமக்கு எட்டும் தூரம். ஆனால் "நிறுத்தணும்" என்று காலையில் சொல்கிறவன் சாயங்காலம் மாறிவிடுவான். அந்தக் காலையில் அவனோடு நடந்துபோக ஆள் வேண்டும்.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில், குடியால் சீரழிந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் ஒருவரையொருவர் தாங்கிப்பிடித்துத் தொடங்கியதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். கட்டணம் கிடையாது, முழுப்பெயரும் கேட்கமாட்டார்கள். அப்படித் தமிழில் உட்கார்ந்து பேச, வாரம் ஒரு சாயங்காலம் சங்கத்து அறையைக் கொடுங்கள். இலவசமாக வேண்டாம், எங்களுக்குள் வசூலித்து வாடகை தந்துவிடுவோம்.

பட்டியலில் இருக்கும் பையன்களில் ஒருவன் நேற்று கடைக்கு வந்து, "அண்ணே, எந்த டாக்டர்கிட்ட போனீங்க?" என்று கேட்டான். நாளைக் காலை கூட்டிப் போகிறேன். யார் என்று சொல்லமாட்டேன். அதனால் பட்டியலையே கிழித்துவிடுங்கள்.