வெள்ளம் வடிந்த வீடுகளுக்குள் செல்லவிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். வெள்ளம் வடிந்த வீடுகளைச் சுத்தம் செய்து கொடுக்க நீங்கள் ஆட்களைத் திரட்டி வருகிறீர்கள் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். ஆள்பலத்துக்கும் ஆர்வத்துக்கும் உங்கள் குழுவில் குறைவில்லை. நான் உங்களிடம் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: எந்தப் பொருளை வெளியே எடுப்பது, எதை வைத்துக்கொள்வது, எந்த அறையில் தொடங்குவது என்பதை வீட்டுக்காரரே முடிவு செய்யட்டும். இதை உங்கள் குழுவின் முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இது வேலையைத் தாமதப்படுத்தும் என்று உங்கள் தோழர்கள் சொல்லக்கூடும். அவர்களுடைய அவசரத்தில் நியாயம் இருக்கிறது. ஈரமான பொருள்களில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். சேறும் காய்ந்து இறுகிவிட்டால் அள்ளுவதற்கு இரண்டு மடங்கு உழைப்பு தேவைப்படும். ஆனாலும், தம் உடைமைகள் எல்லாவற்றையும் ஒரே இரவில் தண்ணீரிடம் பறிகொடுத்த ஒருவரின் கண்முன்னே, அவரைக் கேட்காமலேயே முன்பின் அறியாத பத்துப் பேர் மீதமிருப்பதையும் அள்ளித் தெருவில் குவித்தால், அந்தக் காட்சி அவருக்கு இரண்டாவது வெள்ளமாகவே இருக்கும். ஒருவரை வீட்டுக்காரருடன் நிறுத்தி, ஒவ்வொரு பொருளையும் காட்டிக் கேட்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் அதற்குள் சேற்றை அள்ளட்டும். நேரம் வீணாகாது.

எதையும் அப்புறப்படுத்துவதற்கு முன், ஒவ்வோர் அறையையும், சுவரில் தண்ணீர் ஏறிய அடையாளத்தையும், பழுதான பொருள்களையும் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நிவாரணத்துக்கோ காப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கும்போது அந்தப் படங்களே சான்றாகும்; குப்பை வண்டி போன பிறகு அவற்றை எடுக்க வழியில்லை. நனைந்த பத்திரங்களையும் சான்றிதழ்களையும் வெயிலில் பரப்பிவிடுவதுதான் நம் வழக்கம். அதைவிட, நிழலில் காற்றோட்டமாக உலர்த்துவது நல்லது. உடனே உலர்த்த முடியாத அளவுக்குக் காகிதக் கட்டுகள் இருந்தால், அவற்றை உறையில் இட்டு, மின்சாரம் உள்ள யாருடைய வீட்டிலாவது பிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்துவிடலாம். உறைந்த காகிதத்தில் பூஞ்சணம் வளராது, பிறகு நிதானமாக உலர்த்திக்கொள்ளலாம். ஒன்றோடொன்று ஒட்டிய புகைப்படங்களை உலரவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. ஆகவே ஈரமாக இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் அலசி, மெல்லப் பிரித்து, படம் மேலே பார்க்கும்படி தனித்தனியாக வையுங்கள். ஒரு குடும்பத்தின் பழைய புகைப்படங்களைக் காப்பாற்றிக் கொடுப்பது சுவரைக் கழுவிக் கொடுப்பதற்குச் சற்றும் குறைந்த வேலை இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

வெள்ளநீர் ஊறிய மெத்தை, தலையணை, பஞ்சு வைத்த இருக்கை போன்றவற்றைக் காப்பாற்ற இயலாது. சாக்கடை கலந்த நீர் அவற்றின் உள்ளே வரை இறங்கியிருக்கும். இதை வீட்டுக்காரரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். உலோகம், கண்ணாடி, பீங்கான் ஆகியவற்றைக் கழுவி எடுத்துவிடலாம். கழுவுவதிலும் ஒரு வரிசை உண்டு: முதலில் சேற்றை நீக்கி, சோப்புத் தண்ணீரால் தேய்த்து, அதன் பிறகே பிளீச்சிங் கரைசலைப் பயன்படுத்த வேண்டும். சேற்றின் மேலேயே அதை ஊற்றினால், குளோரின் அந்த அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும்; கிருமிகள் அப்படியே தங்கிவிடும். கழிவறையைக் கழுவும் அமிலத்தோடு பிளீச்சிங்கை ஒருபோதும் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் அதிலிருந்து நச்சு வாயு கிளம்பும்.

உங்கள் குழுவில் உள்ளவர்களின் பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மெயின் சுவிட்சை மின்பணியாளர் நிறுத்தி, சரிபார்க்கும் வரை ஈரமான வீட்டில் யாரும் எந்தச் சுவிட்சையும் தொட வேண்டாம். ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியே, சன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி ஓடட்டும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும் நச்சு வாயு; அதற்கு மணமே கிடையாது. காலில் வெட்டுக்காயம் உள்ளவர் சேற்றில் இறங்கவே கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி அந்தக் காயத்தின் வழியாக உடலில் எளிதில் நுழைந்துவிடும். அறிகுறிகள் தெரியச் சில வாரங்கள்கூட ஆகலாம் என்பதால், பணி முடிந்த பின் காய்ச்சல் வந்தவர் வெள்ளத்தில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

வேலைக்கு நடுவே சிலர் பேசத் தொடங்குவார்கள். அப்போது மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். பேசாதவரிடம் "என்ன நடந்தது?" என்று துருவிக் கேட்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும், நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்றே அறிவுறுத்துகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முதல் வாரத்தில் உதவிக்கு வருபவர்களின் கூட்டம் நிறைந்திருக்கும். மூன்றாம் வாரத்தில் தெரு வெறிச்சோடிவிடும். கடினமான நாள்கள் தொடங்குவதே அப்போதுதான். சுவர்களின் உள் ஈரம் வற்றப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் சாயம் பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டு மீண்டும் பூஞ்சணம் கிளம்பும். மனு கொடுத்தவர்கள் பதில் வராமல் அலைவார்கள். தனியாக வாழும் முதியவருக்கு ஒரு கட்டிலை நகர்த்தக்கூட ஆள் கிடைக்காது. ஆகவே, திரண்டிருப்பவர்களில் பாதிப் பேரை இப்போதே பின்னுக்கு நிறுத்தி, இரண்டாம் மாதத்துக்கும் மூன்றாம் மாதத்துக்கும் யார் எந்த வீட்டுக்குப் போவது என்று பெயர் எழுதி வைத்துவிடுங்கள். மூன்றாம் மாதப் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனு எழுதிக் கொடுக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா