ஜார்ஜியா கில்மோர் அம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஜார்ஜியா அம்மா,

அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரத்தில், பஸ்ஸில் கறுப்பின மக்களைப் பிரித்து நடத்தியதை எதிர்த்து நடந்த பஸ் புறக்கணிப்பு என்றதும் எல்லோரும் ரோசா பார்க்ஸைச் சொல்வார்கள், மார்ட்டின் லூதர் கிங்கைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது உங்கள் அடுப்பு.

1955 அக்டோபரில் கூட்டம் நிறைந்த பஸ்ஸில் முன்வாசலில் ஏறிக் காசைப் போட்டீர்கள். "இறங்கிப் பின்வாசல் வழியாக வா" என்று விரட்டினார் வெள்ளைக்கார டிரைவர். நீங்கள் இறங்கியதும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். காசும் போச்சு, பஸ்ஸும் போச்சு. இனி இந்த பஸ்ஸில் ஏறுவதில்லை என்று அப்போதே முடிவெடுத்துவிட்டீர்கள். வெள்ளைக்காரருக்கு இடம் விட மறுத்து ரோசா பார்க்ஸ் கைதானது அதற்கு அப்புறம், டிசம்பர் 1-ஆம் தேதி.

புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. அத்தனை நாளும் ஜனங்கள் வேலைக்குப் போய்த்தானே ஆக வேண்டும்? பலர் நடந்தார்கள். மற்றவர்களை ஏற்றிப்போகக் கார்கள் ஓடின. அவற்றுக்குப் பெட்ரோல் வேண்டும், இன்ஷூரன்ஸ் வேண்டும். நீங்கள் கோழி பொரித்து, சாண்ட்விச் செய்து, தேவாலயக் கூட்டங்களில் விற்றீர்கள். அப்புறம் அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்தார்கள். கேக்கும், 'பை' (pie) என்ற இனிப்புப் பலகாரமும் அழகு நிலையங்களுக்கும் சலவைக் கடைகளுக்கும் போயின. வாங்கியவர்களில் வெள்ளைக்காரர்களும் உண்டு. எங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஐம்பது பேருக்குச் சமைத்தாலே மறுநாள் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். நீங்கள் ஆறு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு இதையும் செய்தீர்கள்.

உங்கள் குழுவுக்கு வைத்த பெயரை நினைத்தால் இன்றும் மனசு நெகிழ்கிறது: 'கிளப் ஃப்ரம் நோவேர்'. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் இல்லை என்று சொல்லிவிடலாம். அந்தப் பெண்களில் பலர் வெள்ளைக்காரர் வீடுகளில் சமையலும் வீட்டு வேலையும் செய்தவர்கள். பெயர் வெளியே வந்தால் மறுநாள் வேலை இருக்காது. யார் யார் கொடுத்தார்கள் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். கூட்டத்தில் நீங்கள் எழுந்து இத்தனை டாலர் என்று சொல்லும்போது, கொடுத்த பெண்களும் மற்றவர்களைப் போலவே கைதட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார்கள். ஒருவர் பெயரையாவது நீங்கள் சொல்லவில்லை.

உங்கள் பெயரை மட்டும் நீங்கள் மறைக்கவில்லை. 1956 மார்ச்சில், புறக்கணிப்பை நடத்தியதற்காகக் கிங் மீது போட்ட வழக்கில் சாட்சிக்கூண்டில் ஏறி, அந்த டிரைவர் செய்ததைச் சொன்னீர்கள். அதனால் நீங்கள் சமையல் வேலை பார்த்த உணவகத்தில் வேலை போயிற்று. வீட்டிலேயே சமைத்து விற்கலாமே என்றார் கிங், பணஉதவியும் செய்தார். அப்புறம் உங்கள் சாப்பாட்டு மேசையில் அவரும் மற்ற போராட்டக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். வெளியே பேச முடியாததையெல்லாம் அங்கே பேசினார்கள்.

1956 டிசம்பர் 21 அன்று மாண்ட்கமரியின் கறுப்பின மக்கள் பஸ்ஸில் முன்வாசல் வழியாக ஏறி, விரும்பிய இடத்தில் உட்கார்ந்தார்கள்.

1990 மார்ச்சில், வாக்குரிமை கேட்டு செல்மா நகரத்திலிருந்து மாண்ட்கமரிக்கு நடந்த பேரணியின் 25-ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறவர்களுக்காகச் சமைத்துக்கொண்டிருந்தபோது உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. நீங்கள் திரும்பி வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு, நீங்கள் செய்து வைத்திருந்த அந்தக் கோழியைத்தான் வீட்டார் பரிமாறினார்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகி