குழந்தைகளோடு விமானம் ஏறுவோரின் கைப்பொதி

ஆசிரியர் அவர்கட்கு,

மத்திய கிழக்கில் தொழில் புரியும் கணவரிடம் சிறு பிள்ளைகளுடன் புறப்படும் எமது பகுதித் தாய்மார், பெரிய பெட்டியை நிறுத்துக் கட்டுவதில் காட்டும் அக்கறையைக் கைப்பொதியில் காட்டுவதில்லை. மட்டக்களப்பிலிருந்தோ கல்முனையிலிருந்தோ இரவெல்லாம் வேன் வண்டியில் வந்து கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கும் குழந்தை ஏற்கனவே களைத்திருக்கும் என்பதால், விமான நிலையம் வரையான வழிப்பயணத்துக்குரிய பாலும் பம்பஸும் கைப்பொதியில் அன்றி வேறொரு பையில் இருப்பதே நல்லது.

கைப்பொதியில் திரவங்கள் 100 மில்லிலீற்றருக்கு மேற்படாத போத்தல்களிலேயே இருக்க வேண்டும் என்ற விதி பல விமான நிலையங்களில் நடைமுறையில் உள்ளபோதும், பயணத்துக்குத் தேவையான அளவு குழந்தைப் பாலுக்கும் மருந்துக்கும் பொதுவாக விலக்களிக்கப்படுகிறது. இதை அறியாமல் காய்ச்சல் பாணி மருந்தைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டு நடுவானில் தவிப்பவர்கள் உண்டு. அவற்றைப் பையின் மேற்புறத்தில் வைத்துச் சோதனையின்போது தனியே எடுத்துக் காட்டினால் போதும். தேனுக்கும் தயிருக்கும் அந்தச் சலுகை இல்லை. பவர் பாங்கோ கைப்பொதியில்தான் இருக்க வேண்டும்.

பால்மாவை வேளைக்கு ஒன்றாகச் சிறு டப்பாக்களில் அளந்து வைத்தால், மடியில் பிள்ளையுடன் ஒரு கையாலேயே கரைக்கலாம். விமானம் இறங்கும்போது உறிஞ்சிக் குடிப்பது காதடைப்பைத் தணிக்கும் என்பதால் ஒரு வேளைப் பாலை அதற்கென ஒதுக்க வேண்டும். குழந்தை வாந்தியெடுத்தால் நனைவது தாயின் உடுப்பும்தான். அவருக்கும் ஒரு மாற்றுடை அவசியம்.

பயணச்சீட்டு விற்கும் முகவர்கள் இவ்விபரங்களைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுச் சீட்டுடன் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.